கத்திரி வெயிலில் ஒரு குட்டி போர்டு

மே 1, 2024, புதன்

மே தின விடுமுறை. ஜூனில் வீடு மாறுகிறோம். புது வீட்டில் எனக்கென்று ஒதுக்கப்பட்டது படுக்கையறை ஓரத்தில் மூன்றடி மேசை. காலடியில் கிடக்கும் பெரிய கேபினெட்டைக் காட்டி, "இது அங்க வராது" என்று மனைவி முடித்துவிட்டாள். ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். மதர்போர்டையும் கேபினெட்டையும் மட்டும் சிறிதாக்கலாம் என்று சமாதானம்.

மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு மதர்போர்டு என்றால் 244-க்கு 244 மில்லிமீட்டர். மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. பழைய காலண்டர் தாளில் இரண்டையும் வரைந்து வெட்டிப் பார்த்தேன். சிறியது என் கைக்கு ஒரு சாண் கூட இல்லை. ஆசை அதில்தான் போய் நின்றது.

மே 2, வியாழன்

ஓவர்கிளாக் (பிராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) வேண்டும் என்றதும் பாதிப் பட்டியல் தானாகக் கழிந்துவிடுகிறது. சிப்செட் (போர்டின் துணைச் சில்லு) ஏ320, ஏ520 ஆக உள்ள போர்டுகளில் பிராசஸர் வேகத்தைத் தொட முடியாது. பி450, பி550, எக்ஸ்570 போன்றவற்றில் முடியும். இன்டெல் இதில் இன்னும் கறார்: பெயரில் கே உள்ள பிராசஸரும் இசட் வரிசை சிப்செட்டும் சேர்ந்தால்தான் உண்டு. எனக்கு பி550 போதும்.

மினி ஐடிஎக்ஸில் ரேமுக்கு இரண்டே ஸ்லாட். குறை போலத் தெரியும், எனக்கு அது வரவு. பிராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் ஒரு சேனலுக்கு ஒரு ஸ்லாட் என்பதால் பாதை நீளம் குறையும், காலி ஸ்லாட்டில் போய் முட்டித் திரும்பும் சிக்னலும் இருக்காது. ரேமை வேகமாக ஓட்ட இது நல்லது.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஞாயிறு போனால் கடைகள் இருக்காது என்று இன்றே சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடப்பதற்குள் சட்டை ஒட்டிக்கொண்டது.

இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார் கடைக்காரர். "இது பத்து ஃபேஸ் சார், கண்ணை மூடிட்டு எடுங்க." ஃபேஸ் என்றால் பிராசஸருக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் கிளை; ஒவ்வொன்றுக்கும் ஒரு சோக் (சுருள்) இருக்கும். கண்ணைத் திறந்துகொண்டே, பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி இருந்த சோக்குகளை எண்ணினேன். பத்து சரிதான். ஆனால் அதில் எட்டுதான் பிராசஸர் கோர்களுக்கு; மீதி இரண்டு எஸ்ஓசிக்கு, அதாவது பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிக்கு. மேலே சூட்டை வாங்கிக்கொள்ள உட்கார்ந்திருந்த உலோகத் துண்டு, ஹீட்சிங்க், மாரி பிஸ்கட் கனம். மற்றதில் ஆறும் இரண்டும்தான். ஆனால் அலுமினியம் கட்டியாக, விரல் நுழையும் பள்ளங்களோடு பின்பக்க போர்ட்டுகள் வரை நீண்டிருந்தது. விலை ஆயிரத்து ஐந்நூறு அதிகம்.

"யோசிச்சு வர்றேன்ணே." அவர் முகம் மாறவில்லை. தினமும் கேட்கிற வசனம்தானே.

மே 5, ஞாயிறு

பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 5800எக்ஸுக்கு ஏஎம்டி வைத்திருக்கும் வரம்பு மொத்தம் 142 வாட், தொடர்ந்து இழுக்கும் கரண்ட் 95 ஆம்பியர். ஆறு ஃபேஸில் பிரித்தால் ஒன்றுக்கு 16. எட்டில் பிரித்தால் 12. அங்கே கரண்டைக் கடத்தும் சில்லுகளான பவர் ஸ்டேஜ்கள் ஐம்பது, அறுபது, தொண்ணூறு ஆம்பியர் தாங்குபவை. ஆக, ஃபேஸ் எண்ணிக்கை இங்கே ஒரு பிரச்சினையே இல்லை.

சூடுதான் பிரச்சினை. கோர்களுக்கு 120 வாட் கொடுக்கும்போது விஆர்எம் (இந்த ஃபேஸ்கள் எல்லாம் சேர்ந்த மின்சுற்று) தொண்ணூறு சதவீதத் திறனில் வேலை செய்தால்கூடச் சுமார் 13 வாட் அங்கேயே சூடாகத் தங்கும். 25 வாட் சாலடரிங் அயர்னில் பாதி, ஒரு விரல் நீள இடத்துக்குள். நான் பார்க்கும் ரிவ்யூக்களில் அறை 21 டிகிரியில் இருக்கிறது. என் அறை நேற்று இரவு பத்து மணிக்கு 34. அந்த 13 டிகிரி கிட்டத்தட்ட அப்படியே விஆர்எம் தலையிலும் ஏறும்.

கட்டி ஹீட்சிங்க்தான்.

மே 8, புதன்

வாங்கி, மாட்டி, மூடி, கேபிள் கட்டி நிமிர்ந்தால், எஸ்எஸ்டி மேசை மேலேயே கிடக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே, எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டில் பழைய எஸ்எஸ்டி. புதியதற்கான இடம் போர்டின் முதுகில். திரும்பவும் எல்லாவற்றையும் கழற்று. போர்டு சிறிதாகும்போது வேலை மட்டும் பெரிதாகிவிடுகிறது.

மே 11, சனி

எல்லா கோரையும் ஒரே வேகத்தில் பூட்டி வைக்கும் பழைய முறையை இந்த பிராசஸரில் நான் விரும்புவதில்லை; ஒற்றை கோர் தானாக எட்டும் உச்ச வேகம் போய்விடும். பிராசஸர் தானாக வேகமெடுக்கும் வரம்பைத் தளர்த்தும் பிபிஓவைத் திறந்து, கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 30. சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் அரை மணி நேரம் ஓடியது, ஒரு சிக்கல் இல்லை. பெருமையோடு படுக்கப் போனேன்.

காலையில் பார்த்தால் இரவு மூன்று மணிக்கு ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. சும்மா இருக்கும்போது! லோடு குறைவான நேரத்தில்தான் நல்ல கோர்கள் உச்சத்துக்குத் தாவும்; அப்போது வோல்டேஜ் போதவில்லை. ஆகச் சிறந்த இரண்டு கோர்களை மட்டும் மைனஸ் 10-க்குத் தளர்த்தினேன். ரேம் வேகம் பழைய போர்டில் 3600-ஐத் தாண்ட மறுத்தது. இங்கே 3800-இல் நிற்கிறது.

மே 14, செவ்வாய்

மூன்று நாளாக ரீஸ்டார்ட் இல்லை. ஆனால் ரெண்டர் ஓடும்போது விஆர்எம் சென்சார் 96 டிகிரி காட்டியது. கணக்கில் விட்டது இது: திரவக் கூலர் போட்டதால் சாக்கெட் பக்கம் காற்றே இல்லை. மேலிருந்து கீழே ஊதும் சாதாரணக் கூலராக இருந்தால் ஹீட்சிங்குக்கும் ஓசியில் கொஞ்சம் காற்று கிடைத்திருக்கும்.

பழைய டப்பாவில் கிடந்த 40 மில்லிமீட்டர் ஃபேனை எடுத்து, இரண்டு கேபிள் டையால் ஹீட்சிங்க் பக்கமாகத் தொங்கவிட்டேன். 79. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. மூடி போட்டால் தெரியாது. சத்தம்தான் மெல்லிய விசில் மாதிரி. மனைவி எட்டிப் பார்த்து, "குக்கரை அடுப்புல வெச்சிட்டு மறந்துட்டேனா?" என்றாள்.