நெடுந்தீவில் முதலில் கிணற்றடி

யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவுக்குக் குழுக்களைக் கூட்டிச் செல்வது என் தொழில். தீவின் படகுத்துறையான மாவிலித்துறையில் இறங்கிய கையோடு எல்லாரும் கேட்பது, "குதிரை எங்க நிக்கும்?" என்றுதான். படங்களில் பார்த்த குதிரைகளை நேரில் காண வேண்டும் என்ற ஆசையில் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்து வருகிறார்கள். அந்த ஆசையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் என் குழு முதலில் போகும் இடம் கிணற்றடி. தண்ணீரின் கதை தெரியாமல் இந்தத் தீவில் எதைப் பார்த்தாலும் பாதிதான் புரியும் என்பது என் துணிபு. குதிரையும் அப்படித்தான், கோட்டையும் அப்படித்தான், ஆளில்லாமல் கிடக்கும் வளவுகளும் (வீட்டு மனைகளும்) அப்படித்தான்.

அதற்கு முன் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை எழும்பி அடிக்கும். கடும் காற்றென்றால் படகே போகாது. சாதாரண நாளில் அந்தப் படகில் சுற்றுலா போகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். மற்றவர்கள் கிளினிக் காட்டிவிட்டுத் திரும்பும் ஆச்சி, மாற்றலாகி வந்த ரீச்சர், அரிசி மூட்டையோடும் காஸ் சிலிண்டரோடும் நிற்கும் கடைக்காரர். விடுமுறை நாட்களில் வெளியூர்ச் சனம் முண்டியடித்து ஏறிவிட, ஊர்க்காரர் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். என் குழுவுக்கு அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஊர்ச் சனம் ஏறி இருந்த பிறகுதான் நாங்கள் ஏறுவோம். இடமில்லையென்றால் அடுத்த படகு. காசு கட்டி வந்தவர்களில் ஓரிருவர் முகத்தைச் சுளிப்பார்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள்.

குமுதினியைப் பற்றியும் சொல்வேன். நெடுந்தீவைக் கரையோடு இணைத்த அந்தப் படகில் 1985 மே 15 அன்று பயணம் செய்த பொதுமக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தையும் தப்பவில்லை. தீவில் நினைவுத்தூபி இருக்கிறது. அந்தக் கடலில் படகு போய்க்கொண்டிருக்கும்போது நான் இதைச் சொல்வதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் அன்று யாரைப் பறிகொடுத்தவரோ, நமக்கு எப்படித் தெரியும்? தூபிக்கு முன்னால் நின்று, குரலை உயர்த்தாமல், தேதியையும் நடந்ததையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அங்கே யாரும் செல்ஃபி எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன்.

துறையிலிருந்து பட்டா என்னும் சிறு லொறியில் ஏறி முதலில் போவது ஒரு வளவுக்கு. அந்த வீட்டு அம்மா எங்களுக்காகக் காத்திருப்பார். வேலிக்கு உள்ளே ஒரு கிணறு, வேலிக்கு வெளியே சில எட்டுத் தள்ளி இன்னொன்று. இரண்டும் ஆழமில்லாத கிணறுகள். எட்டிப் பார்த்தால் வெட்டின முருகைக்கல், அதாவது பவளக்கல், வெள்ளையாகத் தெரியும், அடியில் தண்ணீர் அசையாமல் நிற்கும். அம்மா உள்கிணற்றில் வாளியை விடும் விதத்தைப் பார்க்கச் சொல்வேன். தொப்பென்று போட மாட்டார். கயிற்றை மெல்ல இறக்கி, மேல் தண்ணீரை மட்டும் சரித்து மொண்டு தூக்குவார். ஆளுக்கொரு மிடறு குடிக்கத் தருவார். நல்ல தண்ணீர். பிறகு வெளிக்கிணற்றுத் தண்ணீர். நாக்கில் பட்டதும் சிறுவர்கள் துப்பிவிடுவார்கள்.

"இது குடிக்க, அது குளிக்க. கலங்கினால் இதுவும் அதுவாப் போயிடும்" என்பார் அம்மா.

நான் சொல்ல வேண்டிய விஞ்ஞானம் முழுக்க அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. மீதியை விரித்துச் சொல்வது மட்டும் என் வேலை. நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான சுண்ணக்கல் நிலம். மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையோடு வரும் மழைதான் ஆண்டு முழுவதற்குமான முதல். அந்த மழை கல்லின் துளைகளுக்குள் இறங்கி, கீழே நிற்கும் கடல்நீருக்கு மேலே, எண்ணெய் மிதப்பதுபோல மிதந்து நிற்கும். நன்னீர் இலேசு, கடல்நீர் கனம். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓரடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். மோட்டர் பூட்டி இறைத்தால் கிணறு ஏன் சவராகிறது, உப்பாகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. தீவின் நடுப்பகுதியில் நன்னீர்ப் படை தடிப்பு, கரையோரம் மெலிவு. ஒரே வளவில் கல்லின் வெடிப்பைப் பொறுத்துக்கூட ருசி மாறும்.

கிணற்றடியில் குழு நின்று கேட்கும் அந்த நேரத்தை நான் அவசரப்படுத்துவதே இல்லை. ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த பாடசாலைப் பிள்ளைகளில் ஒருத்தி, அம்மாவிடம் கயிற்றை வாங்கித் தானே இறக்கிப் பார்த்தாள். வாளி சரியாமல் மேலேயே மிதந்தது. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து, கயிற்றை ஒரு சுண்டு சுண்டக் காட்டினார். வாளி சரிந்து நிறைந்தது. அன்று முழுவதும் அந்தப் பிள்ளை தன் போத்தல் தண்ணீரை மூடி மூடி வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து சாராப்பிட்டிப் பக்கம் போவோம். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகளுக்குப் பேர்போன இடம். குதிரை லாயத்தின் இடிபாடுகளும் அந்தத் தண்ணீரை அண்டியே இருக்கின்றன. வரிசை வரிசையாக நிற்கும் தடித்த முருகைக்கல் தூண்களைப் பார்த்துப் பலர் கோயில் மண்டபமா என்று கேட்பார்கள். குதிரைகளை இங்கே கொண்டுவந்து விட்டவர்கள் போர்த்துக்கேயர் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தங்கள் நாட்டு ஊரின் பெயரால் தீவை டெல்ஃப்ட் ஆக்கி, வளர்ப்பைத் தொடர்ந்தார்கள். பிறகு ஆங்கிலேயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கிருந்து குதிரை வளர்ப்பைக் கவனித்தார். சுற்றிலும் கடல், நடுவில் புல்வெளி. குதிரை எங்கேயும் ஓடிப்போகாது. அடைத்து வைக்க வேலியே வேண்டாத இடம் என்றுதான் தேர்ந்திருப்பார்கள். குதிரை குடிக்கும் தண்ணீருக்கு மட்டும் கிணற்றை நம்ப வேண்டியிருந்தது.

இந்தக் கடலில் குதிரை வந்த கதை அதற்கும் பழையது. பக்கத்து நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோயிலில், 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஆனையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. சிங்கள மன்னன் ஒருவன் இந்தக் கரைக்கு வரும் வணிகருக்குத் தமிழில் சட்டம் எழுதி வைத்தான் என்பதைச் சொல்லும்போது, தெற்கிலிருந்து வருகிறவர்களும் வடக்கிலிருந்து வருகிறவர்களும் ஒன்றாக நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு மிகப் பிடித்த கணங்களில் அது ஒன்று.

லாயம் முடிந்த பிறகுதான் தெற்கு வெளியில் உயிரோடு நிற்கும் குதிரைகள். லாயத்தை வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தாமாகப் பெருகின. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கோடையில் துரவுகள் என்னும் நீர்க்குழிகள் வற்றும்போது குதிரைகள் தாகத்தில் விழுகின்றன. குட்டிகள்தான் முதலில் போகும். மழைக்குப் பின் வருகிறவர் கொழுத்த மந்தையைப் பார்ப்பார், ஓகஸ்டில் வருகிறவர் விலா எலும்பை எண்ணுவார். காலையில் அந்த இரண்டு மிடறு தண்ணீரைக் குடித்தவர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. வாகனத்தைத் தூரத்திலேயே நிறுத்தி இறங்கி நடப்போம். படம் பிடிக்கவென்று ஓட்டோவால் துரத்தி ஓடவிடுவது எனக்குத் தாங்காது. வெயிலில் ஓடி வியர்க்கிற குதிரைக்கு அந்தத் தண்ணீரை யார் கொடுப்பது? பாணும் பிஸ்கட்டும் போடவும் விடமாட்டேன்.

பெருக்குமரத்தடியில் அதிகம் பேச வேண்டியதில்லை. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரம். அரபு வணிகரோடு வந்திருக்கலாம் என்பார்கள். அடிமரம் உள்ளே குடைந்து, ஆட்கள் நுழைந்து நிற்கும் அளவுக்குப் பொந்தாக இருக்கிறது. மழைத் தண்ணீரைத் தன் பருத்த தண்டில் சேர்த்து வைத்து, கோடையில் இலையை உதிர்த்துச் சமாளிக்கும் மரம் இது என்று மட்டும் சொல்வேன். பட்டையில் பெயர் செதுக்க வேண்டாம் என்பேன்.

ஒல்லாந்தர் கோட்டை என்று ஊரார் சொல்லும் கட்டடத்தைப் போர்த்துக்கேயர் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டு மாடி, இப்போது கூரையில்லை. இங்கே வரலாற்றைச் சொல்வதைவிடச் சுவரைப் பார்க்க வைப்பதே மேல். முகத்தைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோனால் கல்லில் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் தெரியும். சிலது சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகளாக இருக்கும். இது பவளப்பாறை, கடலில் உயிர்கள் கூடிக் கட்டியது. அதை வெட்டி அடுக்கி, அதே இனக் கல்லைச் சுட்ட சுண்ணாம்பால் பூசியிருக்கிறார்கள். கட்டட நிபுணர் ஒருவர் ஒருமுறை அந்தச் சுவரில் கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு, "கல்லை மட்டும் கடல் குடுத்திருக்கு. சாந்து குழைக்கத் தண்ணி? உப்புத் தண்ணி சரிவராதே" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இப்போது நானே எல்லாக் குழுவிடமும் கேட்கிறேன். புறாக்கள் தங்கவென்று கட்டிய கூட்டையும் போகிற வழியில் பார்த்துவிடலாம்.

வெடியரசன் கோட்டை என்று ஊர் சொல்லும் இடத்தில் மட்டும் நான் சொற்களை எடைபோட்டுப் பேசுவேன். கண்ணகி கதையின் ஈழத்து வடிவத்தில், சிலம்புக்கு நாகமணி தேடி வரும் மீகாமனைக் கடலில் மறிப்பவன் வெடியரசன். அவன் ஆண்ட தீவு இது என்பது ஊர் நம்பிக்கை. அங்கே கிடக்கும் வட்டமான முருகைக்கல் அடித்தளங்களைப் பௌத்தத் தூபிகளின் எச்சம் என்கிறார்கள் தொல்லியலாளர். "அப்ப இது ஆருடையது?" என்ற கேள்வி கலப்புக் குழுக்களில் கட்டாயம் வரும். தமிழரிலும் பௌத்தர் இருந்தார்கள். கதையும் கல்லும் ஒரே இடத்தில் இருக்கலாம். ஒன்றை வைத்து மற்றதை அழிக்க வேண்டியதில்லை. இந்த மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மாதிரி சொல்வேன். கேட்பவரைப் பார்த்துக் கதையை மாற்றுகிற வழிகாட்டியின் பேச்சை நான் மதிப்பதில்லை.

இரவு தங்கலாமா என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். தங்கட்டும், ஊருக்கு வருமானம். ஆனால் குளிக்க ஷவர், துவைக்க மெஷின் என்று எதிர்பார்ப்பவர்களை நான் கூட்டிப் போவதில்லை. உவர்நீரைச் சுத்திகரித்து வழங்கும் ஏற்பாடு வந்திருக்கிறது என்றாலும் அது ஊருக்கு வேண்டியது. பத்துப் பேர் ஒரு வீட்டில் ஒரு இரவு தங்கினால் அந்தக் கிணறு தேறி வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது வீட்டுக்காரிக்குத் தெரியும். அவர் சொல்லும் ஆட்தொகையை மீறி ஒருவரைக்கூடச் சேர்க்க மாட்டேன்.

இப்போது என்னோடு ஊர்ப் பிள்ளை ஒருத்தி வேலை பழகுகிறாள். பயணங்களில் கூட வந்து கேட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் நேரே கேட்டாள்:

"அண்ணை, ஒல்லாந்தர் கட்டினதுக்கு இவ்வளவு நேரம் நிக்கிறியள். எங்கட ஆக்கள் கட்டின வேலியைத் தாண்டி வாகனத்தில போறம். ஏன்?"

நியாயமான கேள்வி. நெடுந்தீவின் கல்வேலிகள் சாந்தில்லாமல், முருகைக்கல்லைக் கல்லோடு கல் பொருத்தி அடுக்கியவை. வளவைச் சுற்றி, தோட்டத்தைச் சுற்றி, ஒழுங்கைகள் என்னும் ஒடுங்கிய தெருக்களின் இருபுறமும் கிலோமீற்றர் கணக்கில் ஓடுகின்றன. உழவுக்கு நிலத்தைத் துப்புரவாக்கும்போது கிளம்பிய கல்லே வேலியாகியிருக்கிறது. காற்று இடுக்குகளால் புகுந்து போவதால் சோளகத்துக்கும் சாய்வதில்லை. கால்நடை தோட்டத்துக்குள் வராது, கடற்காற்று பயிரை நேரே அடிக்காது.

அந்தப் பகுதியை அவளிடமே விட்டுவிட்டேன். குழுவை ஒழுங்கையில் இறக்கி, சரிந்து கிடக்கும் ஒரு கல்லை எடுத்துத் திரும்ப வைக்கச் சொல்வாள். லேசான வேலை என்று நினைத்துத்தான் எல்லாரும் தூக்குவார்கள். வைத்த கல் ஆடும். திருப்பி வைத்தாலும் ஆடும். "கல்லுக்கு முகம் இருக்கு சேர், அதைப் பாருங்கோ" என்று சொல்லி, அவள் அதே கல்லை ஒரு கால்வாசி திருப்பி இருத்துவாள். பிறகு அதன்மேல் ஏறி நின்று காட்டுவாள். தன் அப்பப்பா எந்தத் துண்டைக் கட்டினார், யார் வளவு யாரிடம் போனது, எந்த வீட்டார் கனடாவில், எந்த வீட்டார் வவுனியாவில் என்று நடந்துகொண்டே சொல்வாள். எனக்குத் தெரியாத நெடுந்தீவு அது. வந்தவர்கள் அவளைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டே இருப்பதால் கடைசிப் படகைப் பிடிப்பது இழுபறியாகத் தொடங்கியது. யோசித்துவிட்டு, கோட்டைக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் பாதியை வெட்டி அவளுடைய ஒழுங்கைக்குக் கொடுத்துவிட்டேன்.