வெளிநாட்டு உதிரிபாகத்தில் ஆஸ்பெஸ்டாஸ்: ஆர்டர் போடும்போதே தடுத்த விதம்

தூத்துக்குடியில் இறங்கி கங்கைகொண்டான் சிப்காட்டுக்கோ பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்கோ வரும் இயந்திரங்களில், தூசியாகி நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்தால் சுங்கத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். பிடிக்க மாட்டார்கள். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கிரைசோடைலின் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை இல்லை. தனியாக வரும் பிரேக் லைனிங்குக்காவது சுங்கக் குறியீட்டில் பிரிவு உண்டு: ஆஸ்பெஸ்டாஸ் உள்ளது 6813 20, இல்லாதது 6813 81. இரண்டு பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்கப் பம்புக்குள் உட்கார்ந்திருக்கும் கேஸ்கெட், பம்பின் குறியீட்டிலேயே உள்ளே வந்துவிடும். எந்தக் காகிதத்திலும் அதன் பெயர் இருக்காது. அதனால் நாங்கள் பர்சேஸ் ஆர்டரில்தான் கதவை அடைத்தோம்.

முதல் வேலை, எங்கள் டிராயிங்குகளையே சோதித்தது. பழைய டிராயிங்கில் கேஸ்கெட்டுக்கு நேரே ‘ஐ.எஸ். 2712’ என்று இருந்தால், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நாமே கேட்டு வாங்குகிறோம் என்று பொருள். அது அழுத்திய ஆஸ்பெஸ்டாஸ் நார் ஷீட்டுக்கான இந்தியத் தரம். ‘பி.எஸ். 1832’ம் அப்படியே. ரஷ்ய பம்பு, வால்வு பட்டியலில் ‘பரோனைட், கோஸ்ட் 481’ என்று வரும். சீனப் பட்டியலில் ‘எக்ஸ்.பி. 450’ போன்ற எண் வந்தால் அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் ரப்பர் ஷீட்தான். இவற்றை அடித்துவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்டுக்கான பி.எஸ். 7531 என்று மாற்றி எழுதினோம். சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்ட் பேக்கிங், பாய்லர் கதவுக் கயிறு, ஹாய்ஸ்ட் பிரேக், கிளட்ச், எக்ஸாஸ்ட் கேஸ்கெட், பழைய மின் பேனலில் சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறியை அணைக்கும் ஆர்க் சூட் ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது ஆர்க் சூட்டைத்தான்.

அடுத்தது சப்ளையரின் கடிதம். ‘இயந்திரம் ஆஸ்பெஸ்டாஸ் அற்றது’ என்ற ஒற்றை வரியை ஏற்கக் கூடாது. அமெரிக்க விதிகளில் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் ஆஸ்பெஸ்டாஸ் உள்ள பொருள் என்ற கணக்கு. ஜப்பானில் 0.1 சதவீதம். ஆஸ்திரேலியாவில் கொஞ்சம் இருந்தாலும் ஆகாது. யாருடைய கணக்கில் ‘அற்றது’ என்கிறார் என்பதைக் கேட்டே தீர வேண்டும். ஆர்டரிலேயே ‘எந்த அளவிலும் கூடாது’ என்று எழுதி, பாகம் வாரியாகப் பொருளின் பெயர், தொகுப்பு எண், ஆய்வக அறிக்கை மூன்றையும் கேட்டோம். அறிக்கையின் தேதி தொகுப்புக்கு முந்தையதா என்று பாருங்கள். பழைய அறிக்கையையே எல்லா ஆர்டருக்கும் அனுப்புவது சாதாரணம். 2003 முடிவிலேயே தடை விதித்த ஆஸ்திரேலியாவில்கூட, 2012இல் சுமார் 23,000 சீன வாகனங்களின் இன்ஜின், எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்து அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

பாகம் வந்ததும் ஸ்டோர்ஸில் தனியாக நிறுத்தி மாதிரி எடுக்க வேண்டும். லைட்டரால் கொளுத்திப் பார்க்கும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். கண்ணாடி நாரும் செராமிக் நாரும்கூட எரியாது; ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டிலோ ரப்பர் எரிந்து புகையும். நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெட்டி, இரண்டு ஜிப் கவரில் போட்டு, பாக எண் எழுதுங்கள். இயந்திரத்துக்கு ஒன்று போதாது, ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒன்று வேண்டும். ஆய்வகம், சோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்றதாக இருக்கட்டும். ரப்பர் கலந்த கேஸ்கெட்டை அப்படியே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நார் மறைந்துபோகும். 450 டிகிரி அளவில் சாம்பலாக்கிப் பிறகு பார்த்தார்களா என்று கேளுங்கள். மிக மெல்லிய நார் என்றால் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும்.

ஏற்கெனவே பொருத்தியதில் இருந்தால் நனைத்துத்தான் கழற்ற வேண்டும். கிரைண்டர், வயர் பிரஷ், கம்ப்ரசர் காற்று மூன்றும் கூடாது. காற்றாலை உச்சியில் இயந்திரம் இருக்கும் நாசெல் கூண்டுக்குள் பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதினால், அந்த அடைசலில் நிற்பவரின் நுரையீரலுக்குத்தான் அது போகும். துணி மாஸ்க் பயன்படாது. நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு ஒட்டாது. வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோனால் துவைக்கிற மனைவிக்கும் ஆபத்து. கழிவை 200 மைக்ரான் பாலித்தீனில் இரட்டையாகக் கட்டி, அபாயக் கழிவை அனுப்புவதற்கான படிவம் 10 நிரப்பி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போகவே கூடாது.

எங்களுக்கு அதிகத் தடை வந்தது மாற்றுப் பொருளில்தான். “பழைய ஷீட்டு மாதிரி இது நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி” என்று ஃபிட்டர்கள் சொன்னார்கள். கசிந்தது உண்மை. காரணம் ஷீட் அல்ல, பொருத்திய முறை. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத நார் ஷீட்டுக்கு கிரீஸ் தடவக் கூடாது. தடவினால் அழுத்தத்தில் வழுக்கிப் பிதுங்கும். குழாய்களை போல்ட்டால் இணைக்கும் விளிம்பான ஃபிளாஞ்சின் முகம் சரியாக இருந்தால் 3 மி.மீ.யை விட 1.5 மி.மீ. நன்றாக நிற்கும். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் எதிரெதிர் போல்ட்டாகப் படிப்படியாக முறுக்க வேண்டும். சூடேறி ஓடிய பிறகு மறுபடி முறுக்கினால், இறுகிப்போன ஷீட் விரிசல்விடும். நீராவி லைனில் அராமிட் என்னும் செயற்கை நார் ஷீட்டைவிட கிராஃபைட் நிலைக்கும். பாய்லர் கதவுக்குக் கண்ணாடி நார் அல்லது செராமிக் கயிறு. இவற்றைச் சொல்லிக்கொடுத்த பிறகு பழைய ஷீட்டை யாரும் கேட்கவில்லை.

கடைசியாகப் பதிவேடு. ஆஸ்பெஸ்டாஸ் நோய் வெளிவர 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகும். 1995இல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வு பெற்ற பிறகு 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. உதிரிபாகத்தைக் கழற்றும் இடத்துக்கும் அதே அளவைத்தான் வைத்துக்கொண்டோம்: எந்த இயந்திரம், எந்த ஃபிளாஞ்ச், ஆய்வக எண், கழற்றியவர் பெயர், தேதி. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரும் அதில் இருந்தாக வேண்டும்.