குலுக்கலுக்குத் தடை, ஏலத்துக்கு இல்லை

2024 ஜூலை 30 விடியும் முன்னே கேரளத்து வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணுக்குள் போன நாளில், நீலகிரியில் எங்கள் பந்தலூரிலும் மழை விட்டபாடில்லை. சோலாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் வயநாடு. எங்கள் எஸ்டேட் குடியிருப்பு லைன்களில் பலருக்கு மேப்பாடி பக்கம் கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததையும் மலைக்காரர்கள் மறந்துவிடவில்லை. அதனால் ஏதாவது செய்யணும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்ன செய்வது என்பதில்தான் பேச்சு நீண்டது.

நிவாரணப் பணம் சேர்க்கப் பசங்களுக்கு உடனே தோன்றியது குலுக்கல். ஐம்பது ரூபாய் டோக்கன், முதல் பரிசு மிக்ஸி. கேரள எல்லைக்குள் கால் வைத்தாலே லாட்டரிக் கடை. 500 ரூபாய் திருவோணம் பம்பர் சீட்டைக் கூட்டாகச் சேர்ந்து வாங்குகிற ஊர் எங்களுடையது. இங்கேயும் ஒரு காலத்தில் 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று அரசாங்கமே பரிசுச் சீட்டு விற்றது. ஆனால் 2003 முதல் தமிழ்நாட்டில் லாட்டரிக்கே தடை. கூடலூர் கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணுகிற தெரிந்த வக்கீலிடம் போனோம். "பணம் வாங்கி, அதிர்ஷ்டத்தை நம்பி, பரிசு கொடுத்தால் அது லாட்டரிதான் தம்பி. நிவாரணத்துக்கு என்றாலும் அதேதான்" என்றார். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை உள்ளே போகலாமாம். டோக்கன் விற்பதாக நோட்டீஸ் அடித்தால் அதற்குத் தனியாக அபராதம். பசங்கள் முகம் தொங்கிப் போயிற்று.

வழி சொன்னது ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். "சர்ச்சில் அறுப்பின் பண்டிகையில் நாங்கள் ஏலம் விடுகிறோமே, யாராவது கேஸ் போட்டார்களா?" ஏலத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை; கூடக் கேட்டவருக்குப் பொருள். வக்கீலும் சரி என்றுவிட்டார்.

என் மனதுக்குள் ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. குலுக்கல் என்றால் கொழுந்து பறிக்கிற அக்காவும் ஐம்பது ரூபாயோடு உள்ளே வரலாம். ஏலம் என்றால் கடைக்காரர்களும் எஸ்டேட் ஆபீஸ்காரர்களும் மட்டும் சத்தம் போடுவார்கள். அதனால் முதலில் சின்னச் சாமான்களையே விட்டோம்: வர்க்கிப் பொட்டலம், தைலப் பாட்டில், கால் கிலோ மிளகு. எல்லாமே பத்து ரூபாயில் ஆரம்பம்.

நேந்திரங்குலை வந்தபோதுதான் கூட்டம் சூடு பிடித்தது. டீக்கடைச் சேட்டன் எடுத்தார், பணத்தைக் கட்டினார், "திரும்ப விடுங்கோ" என்று குலையை மேஜையிலேயே வைத்துவிட்டார். சர்ச் ஏலத்தில் பழகிய பழக்கம்தான். அடுத்து எடுத்த ஆட்டோக்காரரும் அதையே செய்தார். ஒரே குலை கை மாறி மாறிக் கடைசியில் ஒரு சேவலின் விலையைவிட அதிகம் சம்பாதித்தது. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கத்தின பையனுக்கு அன்று சாயங்காலமே தொண்டை கட்டிவிட்டது.

பெரிய சாமான், உதகையிலிருந்து ஒருவர் கொடுத்த தோடர் பூவேலைச் சால்வை. அதைக் கேட்டு எடுத்தது எஸ்டேட் ஆபீஸ் இல்லை, மேல் லைன் பெண்கள்! ஆளுக்கு நூறு போட்டுக் கூட்டாக. சால்வை யார் வீட்டில் இருப்பது என்று அங்கேயே ஒரு சின்னச் சண்டை. லைனில் யார் கல்யாணத்துக்குப் போனாலும் போர்த்திக்கொண்டு போகலாம் என்று முடிவானது.

பழைய துணி சேர்க்கலாம் என்றவர்களைத் தடுத்துவிட்டோம். முகாம்களில் துணி குவிந்து, அதைப் பிரிப்பதே தனி வேலையாகிவிடும். பணமாகவே கேரள முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அனுப்பினோம். இதில் ஒன்றைக் கவனிக்கணும்: மொத்தத்தையும் ஒருவர் கணக்கிலிருந்து அனுப்பினால் ரசீது அவர் பெயருக்குத்தான் வரும். வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் வரிவிலக்குக் கேட்பவர்களை நேரடியாக நிதிக்கே கட்டச் சொல்லி, ரசீதைக் காட்டியபிறகு சாமானைக் கொடுத்தோம். மற்ற ரொக்கத்தை எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, டீச்சரும் சேட்டனும் கையெழுத்துப் போட்டு பேங்கில் கட்டினோம். ரசீதின் நகல் டீக்கடைக் கண்ணாடியில்.

சூட்டில் கேட்டுவிட்டு "சம்பளம் வந்ததும் தருகிறேன்" என்றவர்களும் உண்டு. அவர்கள் பெயரை நோட்டில் தனியாக எழுதி, சம்பள நாளன்று டீச்சரை அனுப்பினோம். அவரிடம் படித்தவர்கள்தான் பாதிப் பேர். ஒருவரும் பாக்கி வைக்கவில்லை.