பதினேழு புளியங்கொட்டைகள்

தாமிரபரணிக் கரையோரத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினேன். பட்டா மாறுதல், சான்றிதழ், நிவாரணம் என்று எத்தனையோ கோப்புகள் என் மேசையைத் தாண்டிப் போயின. பெரும்பாலானவை இன்று நினைவில் இல்லை. மறக்காதது, அலுவலகத்தின் பின்புறம் கம்பி வேலிக்குள் நின்ற மழைமானியும், தினமும் காலையில் அதன் முன்னே நான் குந்தி உட்கார்ந்த ஐந்து நிமிடங்களும்தான்.

நாடு முழுவதும் மழையளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. நேற்று 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்தது இன்றைய தேதியில் ஏறும். நேற்று மாலை ஊரை நனைத்த மழை எப்படி இன்றைய கணக்கில் வந்தது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மட்டும் மில்லிமீட்டர் கேட்கவே மாட்டார். "ஒரு உழவுக்குக் காணுமா தம்பி?" என்பார். அதற்கும் என்னிடம் பதில் இருக்க வேண்டும்.

முதல் ஆண்டில் ஒரு தவறு செய்தேன். கோடைக்காலம். வானம் வெளுத்துக் கிடந்தது. மழைமானியைத் திறக்காமலேயே பதிவேட்டில் 0.0 என்று எழுதிவிட்டேன். மறுநாள் திறந்தால் குடுவையில் 3.2 மி.மீ. நீர். இடைப்பட்ட இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு சொட்டு விழவில்லை. நான் 0.0 எழுதிய நாளுக்கு முந்தின இரவு இரண்டு மணிக்கு ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்ததை டீக்கடைக்காரர்தான் சொன்னார். நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். 2.5 மி.மீ. பெய்தாலே அது மழை நாள். அப்படி ஒரு நாளை நான் இல்லாமல் ஆக்கியிருந்தேன். மேலதிகாரியிடம் போய்ச் சொல்லி, சிவப்பு மையில் திருத்திச் சுருக்கொப்பமிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு பல வாரங்கள், நானே எழுதிய எண்ணை நானே நம்ப முடியாமல் இருந்தேன்.

அலுவலக உதவியாளராக இருந்த அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "மழை இல்லை என்று வானத்தைப் பார்த்துச் சொல்வது வேறு தம்பி, குடுவையைப் பார்த்துச் சொல்வது வேறு" என்றார். ஒரு கைப்பிடி புளியங்கொட்டையையும் கொடுத்தார். பெருமழை நாளில் அளவுக் குவளையை எத்தனை முறை நிரப்பினோம் என்பது கட்டாயம் மறக்கும் என்றார்.

அங்கிருந்துதான் என் வழக்கம் தொடங்கியது. 8.20க்குப் பின்வாசலைத் திறப்பேன். கைபேசி மேசையிலேயே இருக்கும். புனலில் சருகோ எறும்போ கிடக்கிறதா என்று பார்ப்பேன். கண்ணாடிக் குவளையைப் பருத்தித் துண்டால் துடைத்து, குடுவை நீரை ஊற்றி, கண்மட்டத்துக்குக் கொண்டுவருவேன். நீர் கண்ணாடி ஓரத்தில் சற்று ஏறி நிற்கும்; நடுப்பள்ளத்தின் அடியைத்தான் படிக்க வேண்டும். ஒருமுறை படித்துவிட்டு வேலிக்கம்பியைப் பார்ப்பேன். மறுபடி படிப்பேன். இரண்டும் ஒத்துப்போன பிறகே பேனா. எழுதி முடிக்கும்வரை யாரிடமும் எண்ணைச் சொல்வதில்லை. வேலிக்கம்பியைப் பார்க்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை. அது எனக்காக நானே வைத்துக்கொண்டது. மழையே இல்லாத நாளிலும் காலிக் குடுவையைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் 0.0 எழுதினேன். அந்தச் சுழியங்களை எழுதும்போது எனக்கு ஒரு நாளும் சலிப்பு வந்ததில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பிடித்த மழை இரவாகியும் விடவில்லை. மின்சாரம் போய்விட்டது. குடுவை நிரம்பி வழிந்துவிடக் கூடாதே என்று அலுவலகத்திலேயே தங்கினேன். இரவு 11 மணிக்கு, விடிகாலை 4 மணிக்கு, பிறகு 8.30க்கு என மூன்று முறை அளந்தேன். எங்கள் குவளை ஒருமுறை நிரம்பினால் 20 மி.மீ. ஒவ்வொரு நிரப்புக்கும் ஒரு புளியங்கொட்டை, சட்டையின் இடப்பையிலிருந்து வலப்பைக்கு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒழுகும் குடைக்கடியில், அப்போதும் இரண்டு முறை படித்தேன். நடுவில் வேலிக்கம்பியைப் பார்த்தேன், இருட்டில் அது தெரியவில்லை என்றாலும்.

கடைசியில் வலப்பையில் பதினேழு கொட்டைகள். குவளையில் மிச்சம் 12.4. மொத்தம் 352.4 மி.மீ.

கட்டுப்பாட்டு அறையில் பேசியவர் தயங்கினார். "இலக்கம் ஏதும் இடம் மாறிவிட்டதா? 35 தானா?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை; அப்படி ஒரு எண்ணை எங்கள் பதிவேடே அதற்குமுன் கண்டதில்லை. காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. என்ற செய்தி அப்போது யாருக்கும் வந்து சேரவில்லை. நான் அந்த முதல் ஆண்டு ஆளாகவே இருந்திருந்தால் எனக்குக் குரல் தடுமாறியிருக்கும். வலப்பைக்குள் கைவிட்டு ஈரக் கொட்டைகளை விரலால் எண்ணிக்கொண்டே, "இல்லை ஐயா, முந்நூற்று ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு" என்றேன். எழுதிக்கொண்டார்.

சென்ற ஆண்டு எனக்கு வேறு தாலுகாவுக்கு மாறுதல் வந்தது. என் இடத்துக்கு வந்த இளம் பெண்ணிடம் பதிவேட்டையும் குவளையையும் ஒப்படைத்துவிட்டு, புளியங்கொட்டை டப்பாவையும் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். புடவையில் பை ஏது சார் என்றார். அந்த ஐப்பசியில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது மழை நேரம். வேலிக்குள் அவர் குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, நீரைக் கொட்டிவிட்டு, இடக்கையிலிருந்து ஒரு கண்ணாடி வளையலைக் கழற்றி வலக்கையில் போட்டுக்கொண்டிருந்தார்.