உப்புக் காற்றுக்கு எந்தத் தசை?

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை எந்தக் கரையானாலும் சரி, கரைவலை இழுப்பவரின் முழங்கைக்குத் துணைவிசை தரும் மென்மையான எக்ஸோசூட் (உடம்பில் அணியும் துணை உடை) செய்ய நினைத்தால், ஆக்சுவேட்டர் (தசைபோல இழுக்கும் கருவி) பட்டியலை உப்பை வைத்துத்தான் கழிக்கத் தொடங்க வேண்டும். விசைக் கணக்கெல்லாம் பிறகு.

சூட்டில் சுருங்கும் நிக்கல்-டைட்டானியம் உலோகக் கலவையான நிட்டினால் கம்பி முதலிலேயே கழிந்துவிடும். சூடேறினால் சுமார் 4 சதவீதமே சுருங்கும். முழங்கை மூட்டிலிருந்து 4 செ.மீ. தள்ளிக் கயிறு ஓடினால், கை 90 டிகிரி மடங்க 6.3 செ.மீ. இழுக்க வேண்டும். அதற்கு ஒன்றரை மீட்டர் கம்பி தேவை, அதுவும் 70 டிகிரிக்கு மேல் சூடாக, தோலை ஒட்டி. ஓர் அலைத் தெறிப்பு போதும், கம்பி ஆறிவிடும்.

அடுத்தது மெக்கிபன் காற்றுத்தசை. 1950களில் அமெரிக்க இயற்பியலர் ஜோசப் மெக்கிபன், போலியோவால் பாதிக்கப்பட்ட தன் மகளின் கைக்காகச் செய்தது. ரப்பர் குழாய், அதன் மேல் வயர்களுக்குப் போடும் பின்னல் உறை, இரண்டு முனையிலும் ஹோஸ் கிளிப், அவ்வளவுதான். உள்ளே காற்றை அடைத்தால் குழாய் பருத்து, நீளத்தில் சுருங்கி இழுக்கும். உறையை நன்றாக நீட்டிக் கட்ட வேண்டும். இழை அச்சுக்கு 25 டிகிரி சாய்வில் இருக்கட்டும். 12 மி.மீ. விட்டம், 3 பார் அழுத்தம் என்றால் தொடக்கத்தில் கணக்குப்படி சுமார் 28 கிலோ இழுக்கும். நீளம் கால்பங்கு சுருங்கியதும் அது சுமார் ஏழரை கிலோவாகிவிடும். இழை 54.7 டிகிரியைத் தொட்டால் விசையே இல்லை. கை முழுதாக மடங்கும் இடத்தில்தான் தசை சோர்ந்துபோகிறது என்பது பெரிய குறை. ரப்பரின் விறைப்பும் உராய்வும் இன்னும் கொஞ்சம் தின்றுவிடும்.

நனைந்தாலும் வேலை செய்யும் தசை இது. அந்த அருமையை மறுக்க முடியாது. ஆனால் நம் கரையில் மணல் இருக்கிறதே! பின்னலுக்குள் புகுந்த மணல், ஒவ்வொரு சுருக்கத்திலும் குழாயை அரம்போல அறுக்கும். மேலே மெல்லிய துணியுறை ஒன்று கட்டாயம் தைக்க வேண்டும். காற்றுக்கான கம்ப்ரஸரை யார் சுமப்பது என்பது அடுத்த சிக்கல்.

அதனால் என் தேர்வு கேபிள்: இடுப்பில் நீர்புகாத பெட்டிக்குள் மோட்டார், அங்கிருந்து சைக்கிள் பிரேக் போல உறைக்குள் ஓடும் கயிறு. எஃகுக் கம்பி துருப்பிடிக்கும், வேண்டாம். டைனீமா கயிறும் (மிக வலுவான பாலிஎதிலீன் இழைக் கயிறு) உறைக்குள்ளே டெஃப்லான் குழாயும் போடுங்கள். டைனீமா வழுக்கும், சாதாரண முடிச்சு நழுவிவிடும். முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னித் தைக்க வேண்டும். சுமையில் மெல்ல நீளவும் செய்யும், ஆகவே தினமும் காலையில் தளர்வை இறுக்க ஒரு திருகு வையுங்கள்.

முழங்கைக்கு 5 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டுமானால் கேபிள் முனையில் சுமார் 12.5 கிலோ இழுப்பு வேண்டும். வழியில் வளைவுகள் மொத்தம் 180 டிகிரி, உராய்வுக் கெழு 0.1 என்றால் மோட்டார் 17 கிலோ இழுக்க வேண்டும். உப்பு படிந்து உராய்வு இரட்டித்தால் 23 கிலோ. வளைவு கூடக்கூட இந்த இழப்பு அடுக்கடுக்காகப் பெருகும். தோளைச் சுற்றிக் கேபிளை அலையவிடாதீர்கள்.

துணியையும் கவனியுங்கள். வியர்வையில் கைப்பட்டி 2 செ.மீ. நழுவினால், 6.3 செ.மீ. இழுப்பில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. பட்டியை முன்கையில் மட்டும் நிறுத்தாமல், நீளாத நாடாவால் உள்ளங்கை வரை கொண்டுபோய்க் கட்டுங்கள்.

வேலை முடிந்ததும் குழாய்க்குள் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வாரம் ஒருமுறை கேபிளை உடம்பில் ஓடும் அதே வளைவில் வைத்து, ஒரு முனையில் 12.5 கிலோ தொங்கவிட்டு, மறுமுனையை வில் தராசால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். 17க்குப் பக்கத்தில் காட்டினால் நல்லது. 22ஐத் தாண்டினால் உள்குழாயை மாற்றுங்கள்.