சிம்னியும் படத்தில் இருக்கட்டும்

5 ஜனவரி 2025, ஞாயிறு

எண்ணூர் விரைவுச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்ட ஐந்திலிருந்து ஆறரை வரைதான் நேரம். அதற்கு முன்னால் போனால் இருட்டில் கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கு நம்மைத் தெரியாது. அதற்குப் பின்னால் காசிமேட்டுக்கு மீன் வாங்க வரும் பைக்குகளுக்கு நாம் ஒரு பொருட்டே இல்லை. துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் லாரிகளின் ஓரமாகவே மிதித்தேன். ஒரு லாரிக்குப் பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்து டிரைவர் ரசம் தாளித்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் ரசம்! இரண்டு நாளாக வரிசையில் நிற்கிறவருக்கு விடியலாவது, மதியமாவது.

திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், தாழங்குப்பம். முகத்துவாரத்துக்குப் போய்ச் சேரும்போது நன்றாக விடிந்துவிட்டது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். எதிர்க்கரையில் அனல்மின் நிலையத்தின் சிம்னிகள், வலப்பக்கம் காமராஜர் துறைமுகத்தின் கிரேன்கள். நடுவில் ஓடும் தண்ணீரில் கூழைக்கடாக்கள் ஒரு கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. ஒன்று தலையை உள்ளே விட்டால் பக்கத்தில் இருப்பதும் விடுகிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் பிளாஸ்க்கில் இருந்த டீ ஆறிப்போனது.

படத்தைக் குழுவில் போட்டேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரம்பூர், மாதவரம், அண்ணா நகர் ஆட்கள் உண்டு. துபாயில் இருந்துகொண்டு ஊர்ப் படத்துக்காக ஏங்குகிறவர்களும் உண்டு. ஆளாளுக்கு அன்றாடம் கண்டதைப் போடுவோம்: மொட்டைமாடிக் கீரை, ஏலகிரி மலை, நாய்க்குட்டி. என் படத்துக்கு முதல் பதில் அண்ணா நகர் அக்காவிடமிருந்து: “சூப்பர்ப்பா! அந்த சிம்னியை மட்டும் கிராப் பண்ணிட்டா காலண்டர்லயே போடலாம்.”

கிராப் பண்ணவில்லை. சிம்னியை எடுத்துவிட்டால் அது எந்த ஊர்க் கூழைக்கடா என்று யாருக்குத் தெரியும்? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு பக்கிங்காம் கால்வாய் வழியாக இந்த ஆற்றுக்குள் வந்தபோது, இதே பறவைகள்தான் இறக்கையில் கறுப்புப் பூசிக்கொண்டு பறக்க முடியாமல் நின்றன. குப்பத்து ஆட்கள் பக்கெட்டையும் மக்கையும் வைத்துக்கொண்டு எண்ணெயை வாரி எடுத்தார்கள். அந்தப் படங்களை எல்லாரும் பார்த்தோம். இப்போது பறவை மட்டும் வேண்டும், சிம்னி வேண்டாம் என்றால் எப்படி?

8 ஜனவரி, புதன்

செகண்ட் லைன் பீச்சில் ஆபீஸ். கப்பல் ஏஜென்ட் கணக்கு வேலை. பில், பில், பில். சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடையில் நின்றேன். மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணி சேர்த்துப் பிசைந்து, ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்போடு நீட்டுவார்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு. அதைச் சாப்பிட்டுவிட்டு ராயபுரம் வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் அது. அன்றைக்கு வாலாஜா ரோடு வரை போனதாம். இன்று வாசலில் ஒரு ஆட்டோக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வெறும் நடைதான். ஆனாலும் குழுவில் போட்டேன். மலை ஏறினால்தான் வெளியே போனதாகக் கணக்கா?

13 ஜனவரி, திங்கள், போகி

காலையில் எதிர்வீடு தெரியவில்லை. டயர் எரிக்கக் கூடாது என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள், வருஷா வருஷம் எங்கள் தெருவில் எரிகிறது. அத்தைக்கு மூச்சிரைப்பு, ஜன்னலையெல்லாம் சாத்தி உட்காரவைத்தேன். சைக்கிள் இல்லை. பையன் மேளம் அடித்துத் தீர்த்தான்.

16 ஜனவரி, வியாழன், காணும் பொங்கல்

எல்லாரும் மெரினாவுக்கு. புளியோதரை, தயிர்சாதம், வடை, ஜமுக்காளம். வாசலிலேயே போலீஸ்காரர் பையனின் மணிக்கட்டில் போன் நம்பர் எழுதின பட்டையைக் கட்டினார். “நான் ஒன்பதாவதும்மா!” என்று அவன் கூனிக் குறுகிப்போனான். கடலில் இறங்கவிடாமல் கட்டை கட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்தே கடலைப் பார்த்தோம்.

அத்தை மணலைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க அம்மா சின்னப் புள்ளையா இருக்கச்சே நம்ம பக்கமும் இப்டித்தான் மணலு இருந்துச்சாம். வலை காயப்போட்டு, கபடி ஆடி, அதுக்கு அப்பாலதான் அலையாம்.”

அவர் கதையாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். கடல் அதைச் சும்மா வைத்திருக்காது, தள்ளிக்கொண்டே போகும். 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதில் பாதியைப் பிய்த்துப்போட்டது, மறுபடி கட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. அப்படித் தேங்கித் தேங்கி அகன்றதுதான் இந்த மெரினா. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மணல் வரத்து நின்றது. கடல் மட்டும் வழக்கம்போல் கரையைத் தின்றது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. பிறகு கருங்கல்லைக் கொட்டினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர்களாகத் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். ஒரு தூண்டில் வளைவு போட்டால் அதற்குத் தெற்கே கொஞ்சம் மணல் சேரும், வடக்கே அடுத்த குப்பத்தில் அரிக்கும். அவர்கள் தங்களுக்கு ஒன்று கேட்பார்கள். இது இப்படியே வடக்கே போய்க்கொண்டிருக்கிறது.

ஆக, எங்களுக்கு வரவேண்டிய மணலைப் பார்க்க பஸ் டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறோம். இதை வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, “சரி, வடைய எடு” என்றார்.

19 ஜனவரி, ஞாயிறு

பழவேற்காடு. தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ். இந்த ரயிலில் எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவே பாலம் வரும்போது யாராக இருந்தாலும் போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்க்கவேண்டும். ஒரு பக்கம் ஆறும் சதுப்பும் நாரைகளும், இன்னொரு பக்கம் மின்கம்பங்கள், குழாய்கள், சாம்பல். சில விநாடிதான், அதற்குள் பாலம் முடிந்துவிடும்.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் நம்மிடம். பூநாரையைக் கிட்டத்தில் பார்க்க நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். தண்ணீரின் கோடியில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவு. பைனாகுலரில் பார்த்தால் கோடு அசைகிறது. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றைச் சலித்துச் சலித்து உள்ளே இருக்கும் பூச்சியையும் பாசியையும் தின்கின்றன. அந்தத் தீனியிலிருந்துதான் சிறகுக்கு நிறம் ஏறுகிறது.

படகில் கூட்டிப்போவதாகக் கரையில் ஒருவர் ரகசியமாகக் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள், அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. குழுவில் “போட்டிங் போனீங்களா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள், அதனால் இதை இங்கே எழுதிவைக்கிறேன். லைஃப் ஜாக்கெட் கொடுக்காதவரின் படகில் ஏறாதீர்கள், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும்.

கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால், பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டு அதற்குள் போடுகிறார்கள். மணிக்கணக்காக அப்படியே. கரையேறிய ஓர் அம்மாவிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். “வாய்ல பறி இருக்கச்சே எடுக்காத, அசிங்கமா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு, பறியைக் கையில் பிடித்து நேராக நின்றார். அப்படியே எடுத்தேன். எனக்குப் பறியோடு வேண்டும்தான். ஆனால் முகம் அவருடையது.

டச்சுக்காரர்களின் கல்லறைக்கும் போனேன். வாசல் தூண்களில் எலும்புக்கூடுகளைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். 1613-ல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று முள்செடிதான். இங்கிருந்து துணி கப்பலேறியது, அடிமைகளாக மனிதர்களும் கப்பலேறினார்கள். கல்லறைக்கு நல்ல பராமரிப்பு, தொல்லியல் துறை பூட்டு, பலகை எல்லாம் உண்டு. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு பலகையையும் நான் பார்க்கவில்லை.

23 ஜனவரி, வியாழன்

பையன் கேரம் போர்டு வாங்கச் சொல்லி நச்சரிக்கிறான். புது வண்ணாரப்பேட்டை காசிமா போன நவம்பரில் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதே பாட்டுத்தான். தெருமுனை மன்றத்தில் போய் ஆடு என்றேன். அங்கே பெரிய பசங்க விடமாட்டேன் என்கிறார்களாம். பவுடரும் ஸ்ட்ரைக்கரும் மட்டும் வாங்கிக் கொடுத்தேன், இனி விடுவார்கள்.

26 ஜனவரி, ஞாயிறு

குடியரசு தினம், லாரி நடமாட்டம் குறைவு. அந்தச் சந்தோஷத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் கல்லுக்கு நடுவே மணல் கொஞ்சம் தங்கியிருக்கும் இடத்தில் இறங்கினேன்.

ஆமை கிடந்தது. பங்குனி ஆமை. ஓட்டின் மேலே நீளத்துக்குக் கை வைத்து அளந்தேன், என் முழங்கையிலிருந்து விரல்நுனியைத் தாண்டியது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இந்த மாதம் சென்னைக் கரை முழுக்க இதே செய்திதான், நூற்றுக்கணக்கில் ஒதுங்குகின்றன.

ஆமை மீன் இல்லை. மூச்சுவிட மேலே வந்தாகவேண்டும். முட்டையிட ஜனவரியிலிருந்து கரையோரம் கூடும் நேரத்தில், இழுவலைக்குள் மாட்டினால் மேலே வர வழியில்லை, மூச்சுமுட்டிச் சாகிறது. விசைப்படகு கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் வலை இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்க ஒரு திறப்பு வைக்கும் கருவியும் இருக்கிறது. அதை வைத்தால் மீனும் தப்பிக்கும் என்பது படகுக்காரர்கள் சொல்லும் பதில். டீசல் விலையைச் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் மீன் இல்லாமல் ஞாயிறு இல்லை, அதனால் அவர்களைத் திட்டிவிட்டு நகர்ந்துவிட எனக்கு வாய் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

வனத்துறைக்குப் போன் செய்து இடம் சொன்னேன். குழுவிலும் போட்டேன். “காலங்காத்தால இதெல்லாமா?” என்று ஒருவர். சிலர் பேசாமல் இருந்தார்கள். துபாய்த் தம்பி மட்டும் தனியாக மெசேஜ் பண்ணினான்: “அக்கா, சின்ன வயசுல எங்க நைனா கூட்டிட்டுப் போய் ஆமைக்குஞ்சு காட்னாரு. அதே எடமா?” அதே இடம்தான், மணல்தான் கம்மி.

2 பிப்ரவரி, ஞாயிறு

ஆபீஸ் தோழியின் அண்ணன் தாழங்குப்பத்தில் இருக்கிறார். இன்று அவருடைய ஃபைபர் போட்டில் ஆற்றுக்குள் போனேன். லைஃப் ஜாக்கெட்டைத் தோழியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவைத்திருந்தேன்.

முகத்துவாரத்தை விட்டு உள்ளே திரும்பியதும் தண்ணீர் மெதுவாகிவிடுகிறது. செம்பருந்து தலைக்கு மேலேயே சுற்றியது. அலையாத்தி மரங்கள் திட்டுத் திட்டாக. கொஞ்ச தூரத்தில் அனல்மின் நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் கலக்கும் பக்கம் போனபோது கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு.

பாடு பற்றிக் கேட்டேன். இந்த ஆற்றில் யார் என்றைக்கு எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைக் குப்பங்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கின்றன. முறை வரும் நாளில்தான் வலை. “இன்னிக்கு உங்க முறையாண்ணா?” என்றேன். “முறை என்னுதுதாம்மா. எறாலு யாருதுன்னுதான் தெரியல” என்று சிரித்தார்.

துடுப்பால் அடியைக் குத்திக் காட்டினார். சேறு இல்லை, நறநறவென்று சத்தம். காக்கா ஆழி. தென்னமெரிக்கப் பக்கத்துச் சிப்பி, எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பரவிவிட்டது. அடியில் பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டு மூடிவிடுகிறது. இறால் சேற்றுக்குள் புதைந்து இருக்கும் சாதி, புதைய இடம் இல்லையென்றால் அது வேறெங்கே போகும்? கையால் தடவுகிறவர்களுக்கு விரல் கிழியும், இறங்கி நடக்கிறவர்களுக்குக் கால் கிழியும். அண்ணன் தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். பழைய வெட்டு, புது வெட்டு, ஆறிக்கொண்டிருக்கும் வெட்டு.

“இத்த ஃபோட்டோ எட்த்துக்கோ. பறவைய எல்லாரும் எட்றாங்க.”

எடுத்தேன். பின்னால் சிம்னியும் விழுந்திருக்கிறது.

மடவை கொஞ்சம் கிடைத்தது, அண்ணன் காசு வாங்க மாட்டேன் என்றார், படகின் டீசலுக்கு என்று திணித்தேன். அத்தை முள் அதிகம் என்று முணுமுணுத்துக்கொண்டே குழம்பு வைத்தார். அவரே இரண்டு தரம் ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் குழுவில் பாதத்தின் படம் போட்டேன். யாரும் கிராப் பண்ணச் சொல்லவில்லை. அண்ணா நகர் அக்கா அடுத்த ஞாயிறு தானும் வருகிறேன் என்கிறார். கத்திவாக்கம் ஸ்டேஷனில் இறங்கச் சொல்லியிருக்கிறேன், தொப்பி, தண்ணீர் பாட்டில், அடி கெட்டியான பழைய ஷூ. செருப்பு போதாதா என்று கேட்டார். போதாது.