தங்க ஆணியில் மே 8

நமது சரித்திரக் கொப்பியின் கடைசிப் பக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் சம்பவம், நடுவில் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு. திகதி பிழைத்தால் புள்ளி போச்சு. அமெரிக்காவுக்கு அங்கே கிடைத்தது நாலைந்து வரி. அவற்றுள் இடம்பிடிக்காத ஒரு நாள் மே 10.

1775 மே 10 விடியற்காலையில் பிரித்தானியரை எதிர்த்துக் கிளம்பிய அமெரிக்கர்களான ஈத்தன் அலனும் பெனடிக்ட் ஆர்னல்டும் சாம்ப்ளைன் ஏரியைக் கடந்து பிரித்தானியரின் டிகொண்டரோகா கோட்டையைப் பிடித்தார்கள். ஓடங்கள் போதாமல் எண்பத்துச் சொச்சம் பேரே அக்கரை சேர்ந்தார்கள். காவற்படை தூக்கத்தில் இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அங்கிருந்த பீரங்கிகளை, சுமார் 60 தொன், அமெரிக்கத் தரப்பின் ஹென்றி நொக்ஸ் மாரிக்காலப் பனியில் சறுக்குவண்டிகளில் பொஸ்டனுக்கு இழுத்துச் சென்றார். 1776 மார்ச்சில் பிரித்தானியர் அந்த நகரை விட்டு வெளியேறியதற்கு அவைதான் காரணம். கோட்டை விழுந்த அதே நாளில் பிலடெல்பியாவில் அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அமர்ந்த இரண்டாவது கண்ட காங்கிரஸ் கூடியது. கோட்டைச் செய்தி அங்கே வந்து சேரச் சில நாட்கள் பிடித்தன.

1865 மே 10இல், உள்நாட்டு யுத்தத்தில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் ஜோர்ஜியாவின் இர்வின்வில் அருகே பிடிபட்டார். அவரைத் தேடிவந்த இரண்டு குதிரைப்படைகள் இருட்டில் ஒன்றையொன்று எதிரியென்று எண்ணிச் சுட்டுக்கொண்டதில் இருவர் செத்தார்கள். 1876 மே 10இல் ஜனாதிபதி கிராண்டும் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோவும் பிலடெல்பியாக் கண்காட்சியில் 1,400 குதிரைவலுக் கொர்லிஸ் நீராவி இயந்திரத்தை ஓடவைத்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட 1869 மே 10தான் உற்றுப் பார்க்க வேண்டியது. அமெரிக்காவின் குறுக்கே ரயில்பாதை போட்ட இரண்டு கம்பனிகள், கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக் 1,086 மைல், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் 690 மைல்; இரண்டும் யூட்டாவின் புரொமொன்டரி உச்சியில் சந்தித்தன. (பலரும் எழுதும் 'புரொமொன்டரி முனை' வேறிடம், தெற்கே தள்ளி உப்பேரிக்குள் நீட்டிக்கொண்டிருப்பது.)

வேலை எப்படி நடந்தது என்பதற்கு அதற்குப் பன்னிரண்டு நாள் முந்திய கணக்கொன்று போதும். ஏப்ரல் 28இல் சென்ட்ரல் பசிபிக் ஒரே நாளில் 10 மைல் பாதை போட்டது. சிலிப்பர்க் கட்டை 25,800, தண்டவாளம் 3,520, ஆணி 55,000. ஒரு தண்டவாளம் 30 அடி நீளம், ஏறத்தாழ 560 இறாத்தல். 3,520ஐ 30ஆல் பெருக்குங்கள்: 1,05,600 அடி, அதாவது இருபக்கமும் பத்துப்பத்து மைல். கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. தண்டவாளங்களைத் தூக்கி வைத்தவர்கள் எட்டு ஐரிஷ்காரர். அவர்களுடைய பெயர்கள் பதிவில் இருக்கின்றன. சென்ட்ரல் பசிபிக் வேலையாட்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சீனர்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பதிவே இல்லை.

கடைசி ஆணி அடித்துப் பாதையை இணைக்கும் விழா மே 8இல் நடக்கவேண்டியது. யூனியன் பசிபிக் துணைத்தலைவர் டூரன்டின் ரயிலை வயோமிங்கின் பீட்மொன்டில் சம்பளம் கிடைக்காத தொழிலாளர் மறித்துவிட்டார்கள். அதோடு மழை பாதையையும் பழுதாக்கியது. சென்ட்ரல் பசிபிக் தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் இரண்டு நாள் காத்திருந்தார்.

விழாவுக்கென்று செய்த 17.6 கரட் தங்க ஆணியை யாரும் ஓங்கி அடிக்கவில்லை. அடித்தால் தங்கம் நசுங்கிப்போகும். லோரல் மரக் கட்டையில் முன்கூட்டியே துளையிட்டு, இரண்டு தங்க ஆணி, ஒரு வெள்ளி ஆணி, அரிசோனா அனுப்பிய கலப்பு ஆணி ஆகியவற்றைச் செருகி, வெள்ளி பூசிய சுத்தியலால் மெல்லத் தட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் கட்டை, சாதாரண இரும்பு ஆணிகள்.

கடைசி இரும்பு ஆணியிலும் சுத்தியலிலும் தந்திக் கம்பி சுற்றியிருந்தது. அடி விழுந்தால் மின்சுற்று மூடி, அந்த 'டக்' நாடெங்கும் கேட்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்டான்ஃபோர்டின் அடி ஆணியில் படாமல் தண்டவாளத்தில் விழுந்தது என்றே பரவலாகச் சொல்வார்கள். தந்திக்காரர் தாமே சாவியைத் தட்டி 'முடிந்தது' என்று அனுப்பினார். உண்மையில் முழுதாக முடியவும் இல்லை. கிழக்கு ரயில்பாதைகளோடு இணைக்க ஒமாஹாவில் மிசூரி ஆற்றுக்குப் பாலம் வந்தது 1872இல்தான்.

லோரல் கட்டை 1906 சான்பிரான்சிஸ்கோ தீயில் எரிந்துபோனது. எதிரெதிரே நின்ற 'ஜூபிட்டர்', '119' என்ற இயந்திரங்கள் பழைய இரும்பாயின. இன்று அங்கே நிற்பவை 1979இல் செய்த நகல்கள். 1904இல் உப்பேரியின் குறுக்கே புதுப்பாதை வந்தபின் சோம்பிக் கிடந்த தண்டவாளங்களை 1942இல் யுத்தத்துக்கென்று பிடுங்கிவிட்டார்கள்.

அந்த 17.6 கரட் தங்க ஆணி ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. விழாவுக்கு முன்பே எழுத்துப் பொறித்து முடித்த ஆணி அது. பாதை பூர்த்தியான திகதி என்று அதில் இன்றும் மே 8, 1869 என்றே இருக்கிறது.